வாரம் பிறக்கும் வேளை

வாரத்தின் முதல் நாள் எது என்று நம் இல்லத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை என்று தயக்கமின்றி விடை வரும். பெரியவர்களுள் பலரும் அவ்வாறே கூறுவர். பள்ளி மணி அடிக்கும் நாளையும் அலுவலகக் கதவு திறக்கும் நாளையும் வாரத்தின் தலைநாளாகக் கொள்வது இன்று நமக்கு இயல்பாகிவிட்டது. ஆயினும், ஊரிலிருந்து வாங்கி வந்து நாம் மாடத்தில் வைத்திருக்கும் பஞ்சாங்கம் வேறு விடை சொல்லும். அங்கே வாரம் ஞாயிற்றில் தொடங்கிச் சனியில் நிறைவுறுகின்றது. சட்டமும் நெடுங்காலம் பஞ்சாங்கத்தின் பக்கமே நின்றது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாட் காலமே வாரம் என்று பொதுவாக வரையறுத்தது. திங்கட்கிழமையே முதல் நாள் என்பது பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்த கணக்கு.

இவ்விரு கணக்குகளுள் எது சரி என்று வழக்காட நாம் முற்படவில்லை. நமக்கு வேண்டியது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமையை வாரத்தின் வாலாகக் கருதும் மனம் ஒரு விதமாகவும், தலையாகக் கருதும் மனம் மற்றொரு விதமாகவும் அந்நாளைக் கழிக்கின்றன. வாலாகக் கருதுவோர்க்கு ஞாயிறு மாலை என்பது இழப்பின் வேளை. கையிலிருந்த விடுமுறை கரைந்து போகும் வேளை. தலையாகக் கருதுவோர்க்கோ அது விதைப்பின் வேளை. ஒரே மாலைதான்; மனத்தின் நிலையே வேறுபடுகின்றது.

நம்மவர் இல்லங்களில் ஞாயிறு மாலை எவ்வாறு கழிகின்றது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும், தாராவியிலும் டோம்பிவிலியிலும் அது ஏறக்குறைய ஒன்றே. சமையலறையில் இட்லிக்கு மாவு அரைபடுகின்றது. பிள்ளையின் சீருடை இஸ்திரிப் பெட்டிக்குக் காத்திருக்கின்றது. முடிக்காத வீட்டுப்பாடம் ஒன்று அப்போதுதான் பையின் அடியிலிருந்து வெளிப்படுகின்றது. வீட்டுத் தலைவர் ரயில் பாஸ் காலாவதியாகும் தேதியைப் பார்க்கின்றார். "நாளைக்குத் திங்கட்கிழமை" என்று எவரேனும் ஒருவர், நோய்ச் செய்தி உரைப்பவரைப் போல உரைக்கின்றார். அந்தச் சொல்லோடு இல்லத்தின் முகம் வாடிவிடுகின்றது. வாடிய முகத்தோடு தொடங்கும் வாரம் எவ்வாறு மலரும்?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நமக்கு எளிதில் வாய்த்ததன்று என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். நாம் வாழும் இதே மும்பை மாநகரில், பம்பாய் என்று வழங்கப்பட்ட அந்நாளில், பஞ்சாலைத் தொழிலாளர்க்கு வார விடுமுறை என்பது உரிமையாக இருக்கவில்லை. ஜோதிராவ் புலேயின் சத்திய சோதக் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே என்பார், 'தீனபந்து' என்னும் இதழை நடத்திக்கொண்டே, ஆலைத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். 1884-ஆம் ஆண்டில் 5,000-க்கு மேற்பட்ட தொழிலாளர் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஒன்று எழுந்தது. ஞாயிறுதோறும் முழு ஓய்வு வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளுள் தலையாயது. ஆறாண்டுகள் கழிந்தன. 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சுமார் 10,000 தொழிலாளர் கூடிய கூட்டத்தில் பெண் தொழிலாளரும் எழுந்து பேசினர். அவ்வாண்டிலேயே ஆலை முதலாளிகளின் சங்கம் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தது. அடுத்த ஆண்டில் வந்த தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை ஏற்றது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை லோகண்டேயின் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டுச் சிறப்பித்தது. அவர்கள் அரும்பாடுபட்டுப் பெற்றுத் தந்த நாளை, மறுநாளை எண்ணி வருந்துவதிலேயே நாம் செலவிட்டுவிடலாமா?

மற்றுமோர் உண்மையையும் நாம் மறந்துவிடுகின்றோம். நாள் என்பது பூமி தன்னைத் தானே சுற்றுவதால் விளைவது. திங்கள் என்பது நிலவின் வளர்தல் தேய்தலால் அமைவது. ஆண்டு என்பது பூமி கதிரவனைச் சுற்றி வருவதால் ஏற்படுவது. இவை மூன்றும் வானத்தில் எழுதப்பட்டவை. வாரத்துக்கோ வானத்தில் அவ்வாறு ஒரு சுழற்சி இல்லை. அது மனிதன் வகுத்துக்கொண்ட ஏற்பாடு.

ஞாயிற்றுக்குப் பின் திங்கள் ஏன் வரவேண்டும் என்பதற்கும் பழையோர் கணக்கு ஒன்று வைத்திருந்தனர். பஞ்சாங்கத்தில் ஓரை என்று காண்கிறோமல்லவா, அதுவே அக்கணக்கு. சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என்று, மெல்ல நகர்வதாகத் தோன்றும் கோளிலிருந்து விரைந்து நகர்வது வரை ஒரு வரிசை உண்டு. நாளின் 24 ஓரைகளையும் இவ்வரிசைப்படி பங்கிட்டால், ஞாயிற்றுக்கிழமையின் முதல் ஓரை ஞாயிறுக்கு உரியதாகும். 25-ஆவது ஓரை, அதாவது மறுநாளின் முதல் ஓரை, திங்களுக்கு உரியதாகும். இவ்வாறே ஏழு நாளும் பெயர் பெற்றன. மேலை நாடுகளில் உருவான இக்கணக்கு பின்னர் நம் நாட்டிலும் வேரூன்றியது. இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சாகர் மாவட்டத்தில், ஏரண் என்னும் ஊரில், குப்த மன்னன் புதகுப்தன் காலத்துத் தூண் ஒன்று நிற்கின்றது. கி.பி. 484-ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் கல்வெட்டில் வியாழக்கிழமை குறிக்கப்பட்டுள்ளது. கிழமையைக் குறிக்கும் இந்தியக் கல்வெட்டுகளுள் காலம் தெளிவாக அறியப்பட்ட மிகப் பழையது இதுவே என்று அறிஞர் பலர் கருதுவர்.

இவ்வளவும் எதற்குக் கூறினோம் எனில், வாரம் என்பது மனிதன் வகுத்தது. ஆதலின் அதற்கு உருவம் கொடுப்பதும் மனிதன் கையிலேயே உள்ளது என்பதற்காகத்தான். வானத்தின் ஓட்டத்தை நம்மால் மாற்ற இயலாது. வாரத்தின் நடையை மாற்ற இயலும்.

இங்கே சிலர் முறுவலிக்கக் கூடும். "திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை இராகுகாலம் அல்லவா? நாம் வீட்டை விட்டுப் புறப்படுவதே அந்நேரத்தில்தானே! வாரம் எவ்வாறு நன்றாகத் தொடங்கும்?" என்று கேட்பாரும் உளர். உண்மையே. ஊரில் இருந்திருந்தால் ஏழு மணிக்கே ஒரு காலை வாசலுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டு வந்திருப்போம். இங்கே எட்டு மணி வண்டி எந்தக் காலத்துக்கும் நிற்பதில்லை. அந்த வண்டியில் நெருக்குண்டு செல்வோர் அனைவரும் இராகுகாலத்தில் புறப்பட்டவர்களே. அவர்களுள் நன்றாக வாழ்வோர் எத்துணையோ பேர்.

நாளும் கோளும் பற்றிய இந்த ஐயம் புதியதன்று. ஏழாம் நூற்றாண்டிலேயே அது எழுந்தது. அதற்கு விடையும் அப்போதே கூறப்பட்டது. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் விடுத்த அழைப்பை ஏற்று, திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட முற்பட்டார். கோள்களின் நிலை நன்றாக இல்லையே என்று திருநாவுக்கரசர் அன்பினால் தடுத்தார். அப்போது பிறந்ததே கோளறு பதிகம் என்பது பெரியபுராணம் தரும் வரலாறு. ஏழு கிழமைக்கும் உரிய கோள்களை வரிசையாகப் பெயர் சொல்லி, பாம்புகள் இரண்டையும் உடன் சேர்த்து, அவை யாவும் அடியார்க்கு நன்மையே செய்யும் என்று அப்பதிகம் உறுதி கூறுகின்றது. பதிகத்தை நாள்தோறும் ஓதுவோர் நம்மிடையே பலர். ஓதாதவரும், பிற சமயத்தவரும், கடவுள் கொள்கை இல்லாதவரும் அதிலிருந்து கொள்ளத்தக்க கருத்து ஒன்று உண்டு. பதிகம் பாடியவர் பாடிவிட்டு அங்கேயே அமர்ந்துவிடவில்லை. மதுரைக்குப் புறப்பட்டார். ஆற்ற வேண்டிய செயல் இன்னது, செல்ல வேண்டிய இடம் இன்னது என்பது அவர்க்குத் தெளிவாக இருந்தது. நல்லெண்ணம் என்பது செயலுக்கு வழித்துணையாக வந்தது.

திங்கட்கிழமையைத் தமக்கே உரிய வகையில் தொடங்கிய பெரியார் ஒருவரையும் நம் நாடு கண்டிருக்கின்றது. காந்தியடிகள் திங்கள்தோறும் மௌனம் காத்தார். பேச வேண்டியவற்றைத் தாளில் எழுதிக் காட்டுவார். 1947-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், நாட்டைப் பிரிக்கும் திட்டத்தைப் பற்றி மவுண்ட்பேட்டன் பிரபு அவரைச் சந்தித்தபோது, அது திங்கட்கிழமையாக அமைந்துவிட்டது. அத்துணைப் பெரிய நாளிலும் அடிகள் மௌனத்தைக் கைவிடவில்லை. பழைய கடித உறைகளின் முதுகில் எழுதியே விடை தந்தார். நம்மால் ஒரு நாள் முழுவதும் பேசாதிருக்க இயலாது. அலுவலகமும் அதனை ஏற்காது. ஆயினும், வாரம் நம்மைப் பற்றி இழுக்குமுன் சிறிது நேரம் அமைதியாக இருந்து, இவ்வாரத்தில் யாது செய்யப் போகின்றோம் என்று எண்ணிப் பார்த்தல் எவர்க்கும் இயல்வதே.

இக்காலத்து ஆராய்ச்சியாளரும் இதனை ஆராய்ந்துள்ளனர். ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், ஆண்டுத் தொடக்கம், பிறந்த நாளை அடுத்த நாட்கள் முதலிய வேளைகளில் மக்கள் உடற்பயிற்சிக்கூடம் செல்வதும், உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றித் தேடுவதும், உறுதிமொழி எடுப்பதும் மிகுவதைக் காட்டியது. பழைய தவறுகளைப் பழைய கணக்கில் எழுதிவிட்டுப் புதுக் கணக்குத் தொடங்கும் ஊக்கம் அப்போது நமக்குப் பிறக்கின்றது. வணிகர் புதுக்கணக்கு எழுதுவது ஆண்டுக்கு ஒரு முறைதான். நமக்கோ அது ஆண்டுக்கு 52 முறை வாய்க்கின்றது.

ஆனால் ஊக்கம் மட்டும் போதுமா? போதாது என்பதே ஆராய்ச்சியின் விடை. கேப்ரியேலே ஓட்டிங்கன் என்னும் உளவியலாளர், தாமஸ் வாடன் என்பவரோடு சேர்ந்து 1991-இல் வெளியிட்ட ஆய்வை அன்பர்கள் கவனிக்க வேண்டும். உடல் எடையைக் குறைக்க முயன்ற 25 பெண்மணிகளை அவர்கள் ஓராண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தனர். நம்மால் இயலும் என்ற நம்பிக்கை உடையோர் மிகுதியாக எடை குறைத்தனர். எடை குறைந்துவிட்டதாகவே இனிய கனவு கண்டு மகிழ்ந்தோரோ குறைவாகவே குறைத்தனர். நம்பிக்கை வேறு, பகற்கனவு வேறு என்பது இதனால் விளங்கும். பகற்கனவு, உண்ணாமலே உண்டது போன்ற நிறைவைத் தந்து, எழுந்து நடக்க வேண்டிய கால்களைக் கட்டிவிடுகின்றது. "எல்லாம் நன்றாகவே நடக்கும்" என்று தமக்குத் தாமே நூறு முறை கூறிக்கொள்வதால் வாரம் செம்மையுறாது.

பின் எதனால் செம்மையுறும்? பீட்டர் கோல்விட்சர் என்னும் அறிஞர் கூறும் வழி மிக எளியது. "இதைச் செய்வேன்" என்று எண்ணுவதோடு நில்லாமல், "இன்ன வேளையில், இன்ன இடத்தில், இன்னது நிகழ்ந்ததும் இதைச் செய்வேன்" என்று எண்ணத்தைக் கட்டி வைக்க வேண்டும் என்பதே அது. அவரும் பாஸ்கல் ஷீரன் என்பவரும் 2006-இல் 94 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து, இவ்வாறு வேளையும் இடமும் குறித்த எண்ணம் நிறைவேறும் வாய்ப்புக் கணிசமாக மிகுதல் கண்டனர்.

நம் பாட்டிமார் இதனை எந்த ஆராய்ச்சியும் இன்றி அறிந்திருந்தனர். நம் ஊர்ப்புறங்களில் வாரத்துக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது சந்தை. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையைப் போல, ஊருக்கு ஊர் ஒரு கிழமை சந்தைக்கென்று குறிக்கப்பட்டிருந்தது. சந்தைக்குச் செல்பவர் மனத்தில் "பொருள் வாங்குவோம்" என்ற பொதுவான எண்ணத்தோடு செல்வதில்லை. உப்பு இவ்வளவு, மிளகாய் இவ்வளவு, கருவாடு இவ்வளவு, கையில் உள்ள காசு இவ்வளவு என்று முதல் நாள் இரவே கணக்கு முடிந்துவிடும். கணக்கின்றிச் சென்றவர் சந்தையின் ஆரவாரத்தில் மயங்கி, வேண்டாததை வாங்கி, வேண்டியதை மறந்து திரும்புவார். வாரமும் ஒரு சந்தையே. கணக்கின்றி உள்ளே நுழைந்தால் பிறர் குரலுக்கே நாம் செவிசாய்த்துக்கொண்டிருப்போம்.

'வாரம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் பங்கு என்ற பொருளும் உண்டு என்பதை உழவர் குடியில் பிறந்த அன்பர்கள் அறிவர். விளைச்சலில் நிலத்துக்கு உரியவர் கொள்வது மேல்வாரம். உழுதவர் கொள்வது குடிவாரம். நம் ஏழு நாட்களையும் இக்கண்கொண்டு பார்ப்போம். அலுவலகம் கொள்கின்றது, வண்டிப் பயணம் கொள்கின்றது, கைபேசி, கேளாமலே வந்து ஒரு மூட்டையை அள்ளிக்கொண்டு போகின்றது. இவையாவும் மேல்வாரம். எஞ்சி நிற்கும் குடிவாரம் எவ்வளவு? அதில் கணவன் மனைவிக்கு யாது? பிள்ளைக்கு யாது? ஊரிலிருக்கும் முதியோர்க்கு யாது? மேல்வாரம் அளந்தது போக மீந்ததைப் பார்ப்போம் என்று இருந்தால், களத்தில் பதரே மிஞ்சும்.

புலம்பெயர்ந்து வாழும் நம் போன்றோர்க்கு இது வெறும் ஒழுங்கு முறை பற்றிய பேச்சன்று. நம் வாழ்வின் ஆழ்ந்த கவலை ஒன்று இதில் அடங்கியுள்ளது. "அடுத்த ஆண்டு பிள்ளைக்குத் தமிழ் எழுதக் கற்பித்துவிடுவோம்", "அடுத்த ஆண்டு ஊருக்குச் சென்று ஒரு மாதம் அம்மாவோடு இருந்து வருவோம்" என்பன நம் இல்லங்களில் நாம் கேட்டுப் பழகிய சொற்கள். ஆண்டு என்ற அளவையில் எண்ணினால் காலம் மிகுதியாக இருப்பது போல் தோன்றும். வாரம் என்ற அளவையில் எண்ணிப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை பதினெட்டு வயதாகி மேற்படிப்புக்கு வெளியூர் செல்லும் வரை நமக்கு உள்ளவை 676 வாரங்கள். பிள்ளைக்குப் பத்து வயது நிறைந்துவிட்டது என்றால் 416 வாரங்கள். இன்னும் நெருக்கமான கணக்கு ஒன்றும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை ஊர் செல்லும் மகன், அடுத்த பத்து ஆண்டுகளில் தாயின் முகத்தைப் பத்து முறையே காண்பான். அத்தாய்க்கு ஏற்கெனவே எழுபது வயது நிறைந்திருந்தால், பத்து என்பதும் ஆசையின் கணக்கே. வாரந்தோறும் ஒரு நாள் அமைதியாக அமர்ந்து அரை மணி நேரம் அவளோடு பேசுவானாயின், அதே பத்து ஆண்டில் 520 முறை அவள் குரலைக் கேட்பான். ஆண்டு நமக்கு மறுப்பதை வாரம் வழங்குகின்றது.

ஆகவே, அன்பர்கள் ஓர் எளிய வழக்கத்தைத் தங்கள் இல்லத்தில் தொடங்கிப் பார்க்குமாறு வேண்டுகின்றோம். ஞாயிறு மாலை விளக்கேற்றிய பின், அல்லது இரவு உணவு முடிந்த பின், கால்மணி நேரம் குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே அமர்க. தொலைக்காட்சியும் கைபேசியும் அவ்வளவு நேரம் ஓய்வு கொள்ளட்டும். கடந்த வாரத்தில் நன்றாக நடந்தது ஒன்றை ஒவ்வொருவரும் சொல்க. சிறு பிள்ளை கூறுவது சிறியதாகவே இருக்கும். அதனைச் சிரிக்காமல் கேட்க வேண்டும். பின்னர், வரும் வாரத்துக்கு மூன்றே மூன்று எண்ணங்களைத் தெரிந்துகொள்க. தொழிலுக்கு ஒன்று; இல்லத்துக்கு ஒன்று; ஊருக்கு ஒன்று. மூன்றுக்கு மேல் வேண்டா. முப்பது எண்ணம் கொண்டவன் மூன்றையும் முடிப்பதில்லை.

எண்ணங்களுக்கு வேளையும் இடமும் குறிக்க வேண்டும் என்று மேலே கூறினோம். "பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டும்" என்பது விருப்பம். "செவ்வாய் இரவு சாப்பிட்ட தட்டை எடுத்ததும், அதே மேசையில் அமர்ந்து, பாடநூலில் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிப்போம்" என்பது எண்ணம். "பொங்கலுக்கு ஊர் செல்ல வேண்டும்" என்பது விருப்பம். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டதை நினைவிற் கொண்டு, நவம்பர் நடுவில் இன்ன நாள் காலை எட்டு மணிக்கு இன்னார் சீட்டுப் பதிவு செய்வார் என்று குறித்து வைப்பது எண்ணம். இவற்றோடு, தடை வந்தால் செய்வது யாது என்பதையும் முன்னரே கூறிக்கொள்ள வேண்டும். செவ்வாயன்று வண்டி தாமதமானால் புதனன்று படிப்போம் என்று முடிவு செய்திருந்தால், தடை வந்தபோது மனம் ஒடியாது. மழைக்காலத்தில் இந்நகர ரயில்களை நம்பி வாழ்வோர்க்கு இதனைப் பற்றி நாம் அதிகம் எடுத்துரைக்கத் தேவையில்லை.

மூன்று எண்ணங்களையும் எழுதுவதற்குத் தனிக் குறிப்பேடு வாங்க வேண்டுமென்பதில்லை. நாள்தோறும் கிழித்தெறியும் காலண்டர்த் தாளின் பின்பக்கம் போதும். ஞாயிற்றுத் தாளில் எழுதி, அடுத்த ஞாயிறு வரை சுவரிலேயே குத்தி வையுங்கள். எழுதும் பணியைப் பிள்ளையிடம் ஒப்படைத்தல் நன்று. தமிழ் எழுத்தும் பழகும். இல்லத்தின் முடிவில் தனக்கும் இடமுண்டு என்ற பெருமிதமும் பிறக்கும்.

எல்லோர்க்கும் ஞாயிறு ஓய்வு நாள் அன்று என்பதை நாம் மறக்கவில்லை. மருத்துவமனைகளில் பணிபுரியும் நம் செவிலியர், உணவு விடுதிகளில் அடுப்படியில் நிற்போர், இரவுக் காவல் புரிவோர், கடல் கடந்த நாட்டின் பகல் நேரத்துக்கு ஏற்பத் தம் இரவை மாற்றிக்கொண்ட கணினித் துறை இளைஞர் ஆகியோர்க்கு ஞாயிறும் புதனும் ஒன்றே. அன்னோர் தமக்கு ஓய்வு வரும் நாளையே வாரத்தின் தலைநாளாகக் கொள்க. வாரம் மனிதன் வகுத்தது என்று கூறினோமல்லவா? அவரவர் வாரத்தை அவரவர் வகுத்துக்கொள்வதில் குற்றமில்லை. கணவன் மனைவி இருவர்க்கும் வெவ்வேறு நாள் ஓய்வு எனில், இருவரும் ஒருசேர இல்லத்தில் இருக்கும் கால்மணி நேரம் எதுவோ அதுவே அவர்தம் ஞாயிறு.

தொடங்கிய வழக்கம் இடையில் தவறிப் போனால் மனம் தளர வேண்டா. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவர்தம் குழுவினரும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய செயல் ஒன்று பழக்கமாகப் படிவதற்குச் சுமார் 66 நாள் ஆவதாகக் கண்டனர். சிலர்க்கு 18 நாளிலேயே படிந்தது. சிலர்க்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டனர். அவ்வாய்வு தந்த மற்றொரு செய்தி நமக்கு இனியது: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் பாழாகிவிடவில்லை. நாள்தோறும் செய்வதற்கே இத்துணைக் காலம் எனில், வாரந்தோறும் செய்வதற்கு இன்னும் பொறுமை வேண்டும். ஒரு ஞாயிறு உறவினர் வருகையால் தவறலாம். மறு ஞாயிறு காய்ச்சலால் தவறலாம். அதற்கடுத்த ஞாயிறு இருக்கவே இருக்கின்றது.

இறுதியாக ஒன்று கூற வேண்டும். நல்லெண்ணத்தோடு வாரத்தைத் தொடங்குக என்று நாம் கூறுவது, துயரத்தில் உள்ளவரை நோக்கி "சிரித்த முகத்தோடு இரு" என்று கூறுவதாகாது. வேலை இழந்த வாரம் உண்டு. நோயாளியின் அருகே கழியும் வாரம் உண்டு. ஊரிலிருந்து இரவில் வரும் தொலைபேசி அழைப்பைத் தொடர்ந்து, இருக்கை கிடைக்காத வண்டியில் நின்றுகொண்டே செல்ல நேரும் வாரமும் உண்டு. அத்தகைய வாரங்களில் மூன்று எண்ணம் வேண்டா. உண்பதும் உறங்குவதும் நடந்தாலே போதும். மற்ற இரண்டையும் அண்டை அயலாரும் நாமும் அவர்க்காகச் சுமப்போம். சங்கம் என்ற ஒன்றை நாம் அமைத்திருப்பது வேறு எதற்காக? திங்கட்கிழமை என்று எண்ணும்போதே நெஞ்சு படபடப்பதும் உறக்கம் கெடுவதும் வாரக்கணக்கில் நீடிக்குமாயின், அதனைச் சோம்பல் என்று இல்லத்தார் கடிந்துகொள்ளலாகாது. மருத்துவரை நாட வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இவ்விதழ் அன்பர்கள் கையை எட்டும் வாரத்திலேயே ஒரு ஞாயிறு வரும். அன்று மாலை மாவு அரைபடும். சீருடை இஸ்திரிக்குக் காத்திருக்கும். அவை மாறப் போவதில்லை. அவற்றினிடையே கால்மணி நேரத்தை மட்டும் எடுத்து வைத்து, காலண்டர்த் தாள் ஒன்றைப் பிள்ளை கையில் கொடுத்து, "எழுது, முதல் எண்ணம்" என்று சொல்லிப் பாருங்கள். நான்கு வாரம் நடத்திய பின் தங்கள் இல்லத்து அனுபவத்தை எமக்கு எழுதுங்கள். பிள்ளைகள் தம் கையால் எழுதிய தாள்களையும் உடன் அனுப்புங்கள். எழுத்துப்பிழை இருப்பினும் திருத்தாமல் அனுப்புக. படித்து மகிழக் காத்திருக்கின்றோம்.